படத்தில் உள்ள வீடு ஊரில் உள்ளதா?

வெளிநாட்டில் விடுமுறை வீடு எடுப்பது குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நேரடி விமானங்கள் செல்வதால், காவிரிப் படுகை மாவட்டங்களில் பிள்ளைகளைப் பார்க்கவோ சுற்றிப்பார்க்கவோ கடல் கடந்து செல்லாத தெருவே இல்லை என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஓட்டல் அறைக்குப் பதிலாகச் சமையலறையுடன் கூடிய வீட்டைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பதைப் பற்றியவை. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை நீக்கி, ஊர்ப்பெயரை மட்டும் வைத்துச் சுருக்கி வெளியிடுகிறோம்.

கேள்வி: என் மகளும் மருமகனும் சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார்கள். மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது. நானும் என் கணவரும் சம்பந்தி வீட்டாரும் ஒரே சமயத்தில் செல்ல வேண்டியிருப்பதால் அந்த வீட்டில் இடம் போதாது. அதே தொகுப்பில் மூன்று வாரத்துக்கு ஒரு வீடு தருவதாக முகநூல் குழுவொன்றில் ஒருவர் சொல்கிறார். பாதி வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவி தயாராக இருக்கும் என்கிறார். அவரும் தமிழர்தான், தொலைபேசியில் பேசியவரை நல்லவராகவே தெரிகிறார். பணத்தை அனுப்பலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: அனுப்ப வேண்டாம், அம்மா. அவர் நல்லவரா என்ற கேள்விக்கு முன்னால், அந்த வீட்டை மூன்று வாரத்துக்கு வாடகைக்கு விட அவருக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. சிங்கப்பூரில் அந்த உரிமை யாருக்கும் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை, அதாவது வீவக வீட்டை, ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்கு அறவே அனுமதி கிடையாது. தனியார் அடுக்குமாடி வீடுகளுக்கும் தொடர்ந்து மூன்று மாதம் என்ற குறைந்தபட்சக் கால அளவு உண்டு. இதை மீறும் தனியார் வீட்டு உரிமையாளருக்கு 2,00,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2018இல் இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. வீவக வீடாக இருந்தால் வீட்டையே கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

தண்டனை வீட்டுக்காரருக்குத்தானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். சட்டத்துக்குப் புறம்பான வாடகையில் ஏதாவது தகராறு வந்தால், முன்பணத்தைத் திரும்பக் கேட்க நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போவீர்கள்? பக்கத்து வீட்டார் புகார் கொடுத்து, கைக்குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாளே நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற நேர்ந்தால் யார் பொறுப்பு? தவிரவும், சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் பதிவுசெய்யும் வருகை அட்டையில், தங்கப்போகும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். எழுதத் தயங்க வேண்டிய முகவரி ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு விமானம் ஏறுவது உங்களுக்குத் தேவையற்ற மனக்கலக்கம்.

அந்த மனிதர் வீடே இல்லாத மோசடிக்காரராகவும் இருக்கலாம். அவர் தமிழில் பேசுகிறார் என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. நம்மை ஏமாற்ற நினைப்பவர் நம் மொழியில் பேசுவதைத்தான் முதலில் செய்வார். 2023 பிப்ரவரியில் நம் யூபிஐயும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்ட பிறகு, மன்னார்குடியில் உட்கார்ந்தபடியே சிங்கப்பூர்க் கணக்குக்குக் கைப்பேசியில் பணம் அனுப்ப முடிகிறது. பிள்ளைகளுக்குப் பணம் அனுப்ப நல்ல வசதிதான். ஆனால் அப்படிப் போன பணத்தைத் திரும்ப அழைக்க வழி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு ஒத்துவரக்கூடியது சர்வீஸ் அபார்ட்மெண்ட் எனப்படும் உரிமம் பெற்ற குடியிருப்பு. சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் அதில் இருக்கும். குறைந்தது ஏழு நாட்கள் தங்க வேண்டும் என்பதே அங்கே விதி, உங்களுக்கோ மூன்று வாரம் வேண்டும். வாடகை அதிகம் என்பது உண்மை. ஆகவே பணம் செலவாகாத வழி ஒன்றையும் சொல்கிறோம். பிரசவத்தின்போது நீங்களும் கணவரும் போய் மகள் வீட்டிலேயே விருந்தினராகத் தங்குங்கள். பெற்றோர் மகள் வீட்டில் வாடகையின்றித் தங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. நீங்கள் திரும்பும் வாரத்தில் சம்பந்தி வீட்டார் போய்ச் சேரட்டும். நான்கு பெரியவர்கள் ஒரே சமயத்தில் வந்து நிற்பதைவிட, அடுத்தடுத்து இரண்டு மாதத்துக்குக் கைத்துணை கிடைப்பது பிள்ளை பெற்றவளுக்கும் உதவியாக இருக்கும். சம்பந்திகளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதை மட்டும் உங்களிடமே விட்டுவிடுகிறோம்.

கேள்வி: பாரிஸில் என் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. நாங்கள் ஆறு பேர் பத்து நாள் பயணமாகப் போகிறோம். அவர்கள் வீடு சிறியது. எனவே லா ஷப்பேல் பகுதியில், மாணிக்க விநாயகர் கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில், ஒரு வீட்டை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். படங்கள் அழகாக இருக்கின்றன, வாடகையும் மற்றவற்றில் பாதிதான். அது உண்மையான வீடுதானா என்று காரைக்காலில் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், காரைக்கால்)

பதில்: நம் பக்கத்தில் அரை மா நிலம் வாங்குவதாக இருந்தாலும் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். பாரிஸ் வீட்டுக்கும் வில்லங்கச் சான்று போன்ற ஒன்று இருக்கிறது. அங்கே சுற்றுலா வாடகைக்கு விடப்படும் வீட்டை நகராட்சியில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை விளம்பரத்தில் வெளியிட வேண்டும். நகராட்சி வழங்கிவந்த எண் 13 இலக்கம் கொண்டது. 751 என்று தொடங்கி, அடுத்த இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் குறிக்கும். நீங்கள் சொல்லும் கோயில் 18ஆம் வட்டாரத்தில் இருக்கிறது, லா ஷப்பேல் கடைத்தெருவின் ஒரு பகுதி 10ஆம் வட்டாரத்தில் வரும். வீடு 18இல் இருப்பதாகச் சொல்லிவிட்டு எண் 75104 என்று தொடங்கினால், எண்ணோ முகவரியோ பொய். எண்ணே இல்லாவிட்டால் அந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள். தாம் வசிக்கும் வீட்டையே வாடகைக்கு விடுபவர்கள் ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் விட முடியாது என்று 2025 ஜனவரியில் வரம்பு குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு 120 இரவுகள். வருடம் முழுவதும் காலியாக இருப்பதாகக் காட்டும் ‘என் சொந்த வீடு’ இந்தக் கணக்கில் பொருந்தாது.

எண் சரியாக இருப்பது மட்டும் போதாது, ஏனெனில் வேறொருவர் வீட்டின் எண்ணைத் திருடி ஒட்டவும் கூடும். அடுத்ததாகப் படங்களைச் சோதியுங்கள். ஒவ்வொரு படத்தையும் கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடினால், அதே படம் வேறு ஊரில், வேறு பெயரில், விற்பனைக்கு வந்த வீட்டின் விளம்பரத்தில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஜன்னல் வழியே தெரியும் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். திருடிய படங்களை வைத்திருப்பவர் சோபாவையும் கட்டிலையும் காட்டுவார்; வெளியே தெரியும் தெருவைக் காட்டும்போதுதான் அகப்பட்டுக்கொள்வார். கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் அந்தத் தெருவில் நடந்து பார்த்து, எதிர்க் கட்டடமும் பால்கனிக் கம்பியும் படத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். துல்லியமான முகவரியை முன்பதிவுக்குப் பிறகுதான் பெரிய தளங்கள் தருகின்றன என்பதால், முதலில் தோராயமான இடத்தை வைத்துப் பாருங்கள்; பதிவு செய்த அன்றே, ரத்து செய்ய அவகாசம் இருக்கும்போதே, முழு முகவரியையும் சோதித்துவிடுங்கள்.

தங்கியவர்களின் கருத்துகளைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களைத் தள்ளிவிட்டு, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ‘அருமையான வீடு, மீண்டும் வருவோம்’ என்பதை யாரும் எழுதலாம். ‘நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, குளியலறைத் தாழ்ப்பாள் சரியில்லை’ என்று எழுதியவர் உள்ளே போய் வந்தவர். பாரிஸின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாதவை ஏராளம். உங்கள் ஆறு பேரில் மூட்டுவலிக்காரர் ஒருவர் இருந்தாலும் இந்த ஒரு வரிக்காகவே கருத்துகள் அனைத்தையும் படிப்பது தகும். கருத்தே இல்லாத புதிய விளம்பரத்தை முதல் ஆளாகச் சோதித்துப் பார்க்கும் வேலையைக் குடும்பத்தோடு போகும்போது வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாதி வாடகை என்கிறீர்கள். அதே தெருவில், அதே தேதிகளில், அதே அளவுள்ள வேறு நான்கு வீடுகளின் வாடகையைப் பாருங்கள். கோடை விடுமுறையில் பாரிஸில் யாரும் பாதி விலைக்கு வீடு தர வேண்டிய கட்டாயம் இல்லை. எங்களுக்கு இந்த ஒன்றே போதும். நாங்களாக இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவோம். ஆனால் உங்களிடம் எங்களிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: சித்தப்பா. மாலையில் ஒரு நடை போய்க் கட்டட வாசலில் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அழைப்பு மணிப் பலகையும் கதவும் சொல்வதை எந்தத் தளமும் சொல்லாது.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். விசா முடிவு தெரியும்வரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய இடத்தையே பதிவு செய்யுங்கள். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், சித்தப்பா தம் பகுதி நகரமன்றத்தில் விருந்தினருக்கான சான்றைப் பெற்று அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.

கேள்வி: விசாவுக்காக ஒரு ‘டம்மி புக்கிங்’ போட்டுத் தருவதாக எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் சொல்கிறார். செய்யலாமா? (வாசகர், பாபநாசம்)

பதில்: கூடாது. நீங்கள் கையெழுத்திடும் விண்ணப்பத்தில் பொய் ஆவணம் இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், டிராவல்ஸ்காரர் அல்லர். ரத்து செய்யத்தக்க உண்மையான பதிவுக்கும் இட்டுக்கட்டிய காகிதத்துக்கும் உள்ள வேறுபாடு, தூதரகத்திலிருந்து தங்குமிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போனால் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: பெரிய தளம் ஒன்றில் வீடு பார்த்தேன். உரிமையாளர் தனியாக வாட்ஸ்அப்பில் வந்து, தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கியில் பணம் போட்டால் பத்து சதவீதம் குறைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கார்டில் கட்டினால் வங்கி வேறு கூடுதலாகப் பிடிக்கிறது. இருபுறமும் நஷ்டம்தானே? (வணிகர், தஞ்சாவூர்)

பதில்: கணக்குப் போட்டே பார்ப்போம். பல வங்கிகளின் கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பணமாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. ஒரு லட்ச ரூபாய் வாடகைக்கு 3,500 ரூபாயும் 630 ரூபாயும் சேர்ந்து 4,130 ரூபாய் ஆகிறது. சில கார்டுகளில் இது 2 சதவீதமோ அதற்கும் குறைவோ. தளம் ரூபாயில் விலை காட்டுவதால் இந்தக் கட்டணம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வணிகர் வெளிநாட்டில் பதிவானவராக இருந்தால், ரூபாய்ப் பரிவர்த்தனைக்கும் தனிக் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உண்டு.

இந்த நாலாயிரத்துக்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பது என்ன என்பதே பார்க்க வேண்டியது. ஏர்பிஎன்பி போன்ற தளத்தில் நீங்கள் கட்டும் பணம், நீங்கள் வீட்டுக்குள் நுழைந்து ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்துத்தான் உரிமையாளருக்கு விடுவிக்கப்படுகிறது. வீடு சொன்னபடி இல்லையென்றால், அந்தக் குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் தளத்திடம் முறையிடலாம். அங்கேயும் பலிக்காவிட்டால், கார்டு கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை, அதாவது சார்ஜ்பேக், வைக்கலாம். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிய மறுகணமே இந்த மூன்று பாதுகாப்புகளும் உங்களை விட்டுப் போய்விடுகின்றன. தளத்தைப் பொறுத்தவரை நீங்கள் அதன் வாடிக்கையாளரே அல்லர். அந்தப் பத்து சதவீதத்தை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நிலையை உரிமையாளர் வாங்கிக்கொள்கிறார். வணிகரான உங்களுக்கு இது புரியாததல்ல.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே அதைத் திறந்து, வாடகைத் தொகைக்குச் சற்றே மேலாக வரம்பு வைத்து, பணம் கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பல நேரங்களில் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடுவதால், மூடிவைத்த கார்டுதான் உங்களுக்குக் காவல். சேமிப்புக் கணக்கோடு இணைந்த டெபிட் கார்டை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பதே உத்தமம்.

கேள்வி: வீட்டைப் பதிவு செய்து பணமும் கட்டிவிட்டேன். மூன்று நாள் கழித்து, அதே தளத்தின் உள்ளேயே, அதே உரிமையாளர் பெயரில், ‘உங்கள் கார்டு சரிபார்க்கப்படவில்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் விவரங்களைத் தராவிட்டால் பதிவு ரத்தாகும்’ என்று செய்தி வந்திருக்கிறது. என் பெயர், தேதி, தொகை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. (வாசகி, கும்பகோணம்)

பதில்: தொடாதீர்கள். பெரிய முன்பதிவுத் தளங்களில் தங்குமிட உரிமையாளர்களின் கணக்குகளையே கைப்பற்றி, அதன் வழியாக விருந்தினர்களுக்குச் செய்தி அனுப்பும் மோசடி சில ஆண்டுகளாகவே நடந்துவருகிறது. உங்கள் விவரங்கள் அனைத்தும் சரியாக இருப்பதற்குக் காரணம், மோசடிக்காரர் உரிமையாளரின் கணக்குக்குள் உட்கார்ந்து உங்கள் பதிவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். செய்தியில் வந்த இணைப்பை விட்டுவிட்டு, செயலியை நீங்களே திறந்து ‘என் பதிவுகள்’ பகுதியில் பணம் கட்டியதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் வேறெதுவும் செய்யத் தேவையில்லை; வாடிக்கையாளர் சேவைக்கு மட்டும் தகவல் கொடுங்கள். அந்தச் சேவை எண்ணையும் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம், ஏனெனில் பொய்யான சேவை எண்கள் அங்கே நிறைய உலவுகின்றன. செயலிக்குள்ளேயே உள்ள எண்ணைப் பயன்படுத்துங்கள்.

விவரத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்கு முன் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். உங்கள் அனுமதியின்றி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இன்றிப் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. நாமாகவே விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையதாகிவிடும். தெரிவித்த பிறகு போவதற்கே வங்கி பொறுப்பு. ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறோம். கோலாலம்பூரில் நீச்சல்குளத்தோடு கூடிய காண்டோமினியம் வீடு பார்த்தோம். சிங்கப்பூரைப் போல அங்கேயும் தடை உண்டா? (வாசகர், திருவாரூர்)

பதில்: அப்படி ஒரேயடியான தடை இல்லை, ஆனால் கட்டடத்துக்குக் கட்டடம் நிலைமை மாறும். குறுகிய கால வாடகையைத் தடுக்கக் குடியிருப்பு நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே, ‘இந்தக் கட்டட நிர்வாகம் குறுகிய கால விருந்தினரை அனுமதிக்கிறதா, நுழைவாயிலில் எங்கள் பெயர் பதிவு செய்யப்பட்டிருக்குமா’ என்று தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘காவலாளி கேட்டால் என் நண்பர் என்று சொல்லுங்கள்’ என்ற பதில் வந்தால் வேறு வீடு பாருங்கள். தைப்பூச நாட்களில் பத்துமலைப் பக்கம் வாடகை ஏறும், போக்குவரத்தும் மறிக்கப்படும். கேடிஎம் ரயில் பாதையை ஒட்டிய வீடாக இருந்தால் கோயில் வாசலிலேயே போய் இறங்கலாம்.

கேள்வி: நியூயார்க், லண்டன், டோக்கியோ என்று ஊருக்கு ஊர் சட்டம் மாறினால் நாங்கள் எதைத்தான் பார்ப்பது? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: போகும் ஊரின் சட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவான வாடகை என்றால் வீட்டுக்காரரும் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. ஆகவே குடும்பத்துக்கு முழு வீடு என்று வரும் விளம்பரம் அங்கே சந்தேகத்துக்குரியது. லண்டனில் முழு வீட்டைத் தனி அனுமதியின்றி ஆண்டுக்கு 90 இரவுகள்தான் விடலாம். ஜப்பானில் 2018 ஜூன் முதல் இத்தகைய வீடுகளுக்குப் பதிவு எண்ணும் ஆண்டுக்கு 180 நாள் வரம்பும் உண்டு. இத்தாலியில் 2025 முதல் தேசிய அடையாள எண் கட்டாயம். எண் கேட்கும் ஊரில் எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாத விளம்பரத்தோடு வாதாட வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டு வாடகை வீட்டில் நம் சமையலைச் செய்யலாமா? முன்வைப்புத் தொகையில் பிடித்துக்கொள்வார்களாமே. வீட்டுக்குள் ரகசியக் கேமரா இருக்கும் என்றும் பயமுறுத்துகிறார்கள். (குடும்பத் தலைவி, மயிலாடுதுறை)

பதில்: சமைக்கத்தானே வீடு எடுக்கிறீர்கள், தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் விதிகளை முதலில் படியுங்கள். மசாலா வாசனை தங்கினால் சுத்தம் செய்யும் செலவு வசூலிக்கப்படும் என்று எழுதி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கடுகும் மிளகாயும் தாளிக்கும் புகைக்கே கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறும். சில கட்டடங்களில் அது தீயணைப்பு நிலையம் வரை போகும், வீண் அழைப்புக்குக் கட்டணமும் வரும். புகைபோக்கி விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, எண்ணெயைக் குறைத்துத் தாளியுங்கள். எக்காரணம் கொண்டும் கருவியைத் துணியால் மூடாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷனாக இருக்கும் என்பதால் அலுமினியக் குக்கரைச் சுமந்து போய்ப் பயனில்லை.

முன்வைப்புத் தொகைக்கு ஒரே மருந்து, உள்ளே நுழைந்தவுடன், பெட்டியைப் பிரிக்கும் முன்பே, எல்லா அறைகளையும் கைப்பேசியில் தொடர்ச்சியாகக் காணொளி எடுத்துவிடுவது. சோபாக் கறை, மேசைக் கீறல், உடைந்த கைப்பிடி எதுவாக இருந்தாலும் படத்தோடு அன்றே உரிமையாளருக்குத் தளத்தின் வழியாக அனுப்புங்கள். கிளம்பும் நாளிலும் அப்படியே செய்யுங்கள். கேமராவைப் பொறுத்தவரை, ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கண்காணிப்புக் கேமரா வைப்பதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. வாசலிலோ வெளியிலோ இருந்தால் விளம்பரத்தில் சொல்லியிருக்க வேண்டும். படுக்கையறையிலும் குளியலறையிலும் இருக்கும் கடிகாரம், சார்ஜர், புகைக் கருவி ஆகியவற்றில் தேவையற்ற துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றாமல் படமெடுத்து, வெளியே வந்து, தளத்துக்கும் உள்ளூர்க் காவல் துறைக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: துபாயில் ஐந்து நாளுக்கு வீடு பதிவு செய்திருந்தோம். இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதாகச் சொல்லி, நகருக்கு வெளியே ஒரு மோசமான வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைகள் களைத்திருந்ததால் அங்கேயே தங்கிவிட்டோம். ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: அழகான வீட்டைக் காட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் வேறு வீட்டில் தள்ளுவது பழைய தந்திரம், இரவு வருகையையும் கைக்குழந்தைகளையும் பார்த்துத்தான் அதைப் பிரயோகிக்கிறார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: மாற்று வீட்டின் சாவியை வாங்குவதற்கு முன்பே, வாசலில் நின்றபடியே, தளத்தின் அவசர உதவியை அழையுங்கள். ‘சரி, தங்கிக்கொள்கிறோம்’ என்று நாம் எழுதும் ஒற்றை வரி பிறகு நமக்கு எதிராகவே காட்டப்படும். வேறு வழியின்றித் தங்க நேர்ந்தாலும், ‘எதிர்ப்புடன், இந்த ஓர் இரவுக்கு மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். இரவில் போய்ச் சேருபவர்கள் முதல் இரவுக்கு விமான நிலையத்தருகே ஓட்டல் எடுத்துவிட்டு, வாடகை வீட்டுக்குப் பகல் வெளிச்சத்தில் போவது எங்கள் நீண்ட நாள் பரிந்துரை. திருச்சியிலிருந்து போகும் விமானங்கள் பலவும் வேளைகெட்ட நேரத்தில் இறங்குபவை என்பதால் இதை மேலும் வலியுறுத்துகிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். தளத்திடம் முறையிடுவதற்கான 72 மணி நேரம் கடந்துவிட்டது. ஆயினும் எழுத்தில் முறையிடுங்கள், அவர்கள் மறுத்து எழுதும் பதிலே அடுத்த படிக்கு ஆவணம். கார்டில் கட்டியிருந்தால், வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு என்பதால் ஒரு மாதம் தாமதம் ஒன்றும் பெரிதல்ல. இனியும் தள்ளிப்போட வேண்டாம். முதலில் பதிவு செய்த வீட்டின் விளம்பரப் பக்கம், உங்களை அனுப்பிய வீட்டின் படங்கள், அன்றிரவு நடந்த உரையாடல், டாக்சி ரசீது ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுங்கள். துபாயில் விடுமுறை வீடுகளுக்கு துபாய் அரசின் பொருளாதார, சுற்றுலாத் துறை உரிமம் வழங்குகிறது. விளம்பரத்தில் உரிம எண் இருந்தால் அத்துறைக்கு மின்னஞ்சலில் புகார் அளிக்கலாம், உரிமம் பறிபோகும் என்ற அச்சத்தில் பணத்தைத் திருப்பித் தருபவர்கள் உண்டு.

இந்தியாவில் பதிவான நிறுவனத்தின் மூலமாகவோ உள்ளூர் டிராவல்ஸ் மூலமாகவோ பதிவு செய்திருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். துபாய்க்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை, நாகப்பட்டினத்திலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். வீடே இல்லாமல் பணத்தைச் சுருட்டிய அப்பட்டமான மோசடியாக இருந்தால் அழைக்க வேண்டியது 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்; பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அது அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எப்படிப் பணம் கட்டினீர்கள் என்பதை எழுதவில்லை. ரசீதின் நகலோடு மீண்டும் எழுதுங்கள்; கார்டு எண்ணின் இலக்கங்களை மறைத்துவிட்டு அனுப்பவும்.